மூன்று பொட்டலம் மாவுடன் யாழ்ப்பாணம்

வாஞ்சூர் சோதனைச் சாவடியில் காவலர் என் பையைத் திறந்து முதல் பொட்டலத்தை வெளியே எடுத்தார். வெள்ளைத் தூள். இரண்டாவதை எடுத்தார். அதுவும் வெள்ளைத் தூள். மூன்றாவதைத் தொடும் முன் ஆட்டோ ஓட்டுநரை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மாவு சார். அரிசி மாவு."

"காரைக்கால்லேருந்து வர்ற பையில மாவா?" உண்மையிலேயே ஏமாந்துபோனார். எங்கள் ஊர்ப் பை என்றால் அசைத்தால் மதுப் பாட்டில் சத்தம் வர வேண்டும் என்பது அந்தச் சாவடியின் நம்பிக்கை. "எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"யாழ்ப்பாணத்துக்கு."

"ஏன், அங்க அரிசி வெளையலயா?"

விளைகிறது. ஆனால் நான் வாங்கப் போகும் இடியாப்ப இயந்திரத்தில் எங்கள் அரிசி ஓடுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆகவே கோட்டுச்சேரி மில்லில் அரைத்த மாவு: புது அரிசி ஒரு பொட்டலம், பழைய அரிசி ஒரு பொட்டலம், இரண்டும் சரிபாதி கலந்தது ஒரு பொட்டலம். ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். கொட்டாவி விட்டபடி "போங்க போங்க" என்றார்.

பையில் நான்காவதாக ஓர் உறையும் இருந்தது. அதை அவர் திறக்கவில்லை. அதைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும்.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் ஐந்து வருடம் எழுத்தராக இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். கையெழுத்து கேட்டால் பெருவிரலை நீட்டுவார். எனக்கு வேலை உத்தரவு வந்த நாளில் அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். தலைகீழ் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இடியாப்பம் போன வருடம் ஆரம்பித்தது. விடியற்காலையில் கையால் பிழிந்து, அவித்து, பதினைந்து வீடுகளுக்கும் இரண்டு டீக்கடைகளுக்கும் கொடுத்துவிட்டு எட்டே முக்காலுக்கு அலுவலகத்தில் இருப்பேன். யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். அரசு ஊழியர் வியாபாரம் செய்யக் கூடாது என்பது விதி. எங்கள் கண்காணிப்பாளர் கலா மேடம் என்மேல் நிஜமான பிரியம் உள்ளவர். கதவைச் சாத்திவிட்டு வழி சொன்னார்: "அம்மா பேர்ல எழுதிக் குடுத்துரு. நீ பாட்டுக்கு செய். இங்க யாருதான் சொந்தப் பேர்ல செய்யறாங்க?"

வாஸ்தவம். எங்கள் ஊரில் பாதிக் கடைகள் யாரோ ஒரு ஊழியரின் மனைவி பெயரில் அல்லது மாமியார் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் பிழிவது நான். வலிப்பது என் தோள். பெயர் மட்டும் ஏன் அம்மாவுடையதாக இருக்க வேண்டும்? ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக அப்பா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசுவார். "கவர்மெண்டு கூப்புட்டு உக்கார வச்ச நாக்காலிய ஒதச்சுட்டு வந்துருக்கு. நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது? இடியாப்பக்காரின்னா?"

"ஆமாப்பா. அப்படியே சொல்லு."

என் ராஜினாமா அமலுக்கு வருவது திங்கட்கிழமை மாலை. அதுவரை அதைத் திரும்பப் பெறலாம். வெளிநாடு போக அனுமதி கேட்டபோது கலா மேடம் மறுக்காமல் வாங்கிக் கொடுத்தார். நாலு நாள் வெளியே போய் வந்தால் மனசு மாறும் என்று கணக்குப் போட்டிருந்தார். அனுமதியோடு ஓர் உறையையும் தந்தார். உள்ளே, "எனது ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று தட்டச்சு செய்த கடிதம். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

இன்னொரு கெடுவும் இருந்தது. திருமலைராயன்பட்டினத்தில் ராபியா லாத்தா வீட்டுக் கல்யாணம். லாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. சனிக்கிழமை காலை வலிமா விருந்து. பசியாறுக்கு, அதாவது காலைச் சாப்பாட்டுக்கு, இரண்டாயிரம் இடியாப்பம் கேட்டிருந்தார். கையால் பிழிந்து முடிகிற காரியமில்லை. "வெள்ள வெளேர்னு இருக்கணும் புள்ள. செவப்பா குடுத்தா சம்பந்தி ஊட்டுக்காரங்க மூஞ்சத் திருப்பிக்குவாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இந்தப் பக்கம் கிடைக்கிற இயந்திரங்கள் ஒரு தொழிற்சாலையையே கேட்கின்றன. இல்லாவிட்டால் முறுக்கு மாதிரித் தடியாகப் பிழிகின்றன. நான் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த சின்ன இயந்திரம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. இயந்திரங்கள் செய்யும் கோயம்புத்தூரைவிட யாழ்ப்பாணம் எங்களுக்குப் பக்கம். நடுவில் கடல் இருப்பதுதான் தொந்தரவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் எங்களைச் சல்லடையில் போட்டுச் சலித்தது. நாகப்பட்டினத்தில் புறப்படும்போது எல்லோரும் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பை. என் பக்கத்தில் சேலை வியாபாரத்துக்குப் போகும் ஓர் அம்மா, வாந்திக்கும் வாந்திக்கும் இடையே என்னை விசாரித்தார்.

"என்ன வேல பாக்குறே?"

"இன்னிக்கும் நாளைக்கும் கவர்மெண்டு வேல. நாளன்னிக்கிலேருந்து சொந்த வேல."

கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். "கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"அப்ப வேலய விட்டுட்டேன்னு இப்போதைக்கு வெளில சொல்லாத" என்று சொல்லிவிட்டு மறுபடி பையைத் தூக்கிக்கொண்டார்.

காங்கேசன்துறையில் மறுபடியும் பொட்டலங்கள் வெளியே வந்தன. இரண்டு அதிகாரிகள் சிங்களத்தில் பேசிச் சிரித்தார்கள். பெட்டி தூக்க வந்தவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "எங்கட சாப்பாட்டில நம்பிக்கையில்லாமல் கட்டிக்கொண்டு வந்திட்டாவாம்" என்றார்.

அந்த அவச்சொல்லைப் போக்க அன்று மாலையே ஒரு கடையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் இடியாப்பம் காய்ச்சல்காரருக்கு, இல்லாவிட்டால் புது மாப்பிள்ளைக்கு. நடுவில் இருப்பவர்கள் அதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். இங்கே சைக்கிளில் வருகிறவர், பள்ளிக்கூட ஆசிரியை, சிமெண்டுத் தூசியோடு வந்த கொத்தனார் எல்லோரும் மாலையானால் கடைக்கு வந்து இருபது, முப்பது என்று எண்ணி வாங்கிப் போகிறார்கள். சிவப்பாக, மெலிதாக, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. மேலே தேங்காய்ப்பால் சொதி, ஓரத்தில் தேங்காய்த் துவையல் மாதிரிச் சம்பல். பன்னிரண்டு சாப்பிட்டேன். வெறும் ருசிக்காக அல்ல. ஒரு ஊர் முழுக்க இதைத் தினமும் வாங்கித் தின்னும் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்ட சந்தோஷத்தில்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, யாழ்ப்பாணத்தை அடுத்த சுன்னாகத்தில் அந்த இயந்திரம் செய்யும் பட்டறை வாசலில் இருந்தேன். வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு. என் ஆவணங்கள் இருந்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே இரும்பு அறுக்கும் சத்தம். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். ஒன்பதரை. பத்தரை. பதினொன்றரைக்குப் பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் அவரைத் தவம் அண்ணை என்றார்கள்.

"பிள்ளை, நீங்கள் எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்கள்? மூண்டு பஸ் போயிட்டுதே!"

"பஸ்ஸுக்கு இல்லங்க. உங்களத்தான் பாக்க வந்தேன். இந்தியாவுலேருந்து. மிஷினுக்கு."

"அப்ப ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"நீங்க கூப்புடுவீங்கன்னு..."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தபோது காது சுட்டது. எங்கள் அலுவலக வாசலிலும் ஒரு பெஞ்சு உண்டு. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் கூப்பிடுகிற பக்கத்தில் இருந்துவிட்டதால் உலகத்தில் எல்லாப் பெஞ்சும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஒருமுறை அலுவலகம் பூட்டும் நேரத்தில் மீனவர் குப்பத்துக்காரர் ஒருவர் அந்தப் பெஞ்சிலேயே இருந்ததைப் பார்த்தேன். காலையிலிருந்து இருக்கிறாராம். "உள்ள வந்து கேட்டுருக்கலாமே" என்று அவரைக் கடிந்துகொண்டேன். "நீங்க கூப்புடுவீங்கன்னு இருந்தேம்மா" என்றார். அவர் முகம் சுன்னாகத்தில் அந்த மரத்தடியில் எனக்கு ஞாபகம் வந்தது. கடைசி நாளில் மூன்று மணி நேரத்தை இப்படித் தொலைத்தேன்.

இயந்திரம் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. வட்டத் தட்டுகள் வரிசையாக உள்ளே போக, மேலிருந்து நூல் சுற்றிச் சுற்றி விழும். தவம் அண்ணையின் மனைவி மனோ அக்கா பட்டறையை ஒட்டிய சமையல்கட்டில் அதே மாதிரி ஒன்றை வைத்துத்தான் ஊருக்கு இடியாப்பம் விற்கிறார். அவருடைய வறுத்த சிவப்பு மா வழுக்கிக்கொண்டு ஓடியது.

என் புது அரிசி மாவு கொழகொழத்து அச்சில் ஒட்டிக்கொண்டது. இயந்திரம் முனகி நின்றது. கழற்றிக் கழுவ ஒரு மணி நேரம். பழைய அரிசி மாவு வந்தது; ஆனால் இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை அறுந்து, தட்டில் புழு மாதிரி கிடந்தது. பிறகு அதுவும் அடைத்துக்கொண்டது.

"எங்கட மாவைக் கொண்டு போங்கோவன். பிரச்சினையே இல்லை" என்றார் தவம் அண்ணை.

"எங்க ஊருக்கு வெள்ளையா வேணும்ண்ணே."

"வெள்ளை வேணுமெண்டால் நூலைத்தான் அவிச்சுச் சாப்பிட வேணும்."

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. மணி நாலரை.

"சங்கீதா, எங்க இருக்கே?" கலா மேடம்.

"மிஷின் பக்கத்துல மேடம்."

"எப்டி, நல்லா வருதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு தடவ அடச்சுக்கிச்சு."

"கடவுளாப் பாத்து அடச்சிருக்காரு. அந்தப் பேப்பர எடு. கையெழுத்தப் போட்டு போட்டோ புடிச்சு அனுப்பு, நான் உள்ள கொண்டு போறேன். ஒரிஜினல வந்து குடுத்துக்கலாம். அஞ்சே முக்கால் வரைக்கும் சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"வேணாம் மேடம்."

"அடியே, இந்த சீட்டுக்கு எத்தன பேரு பரிச்ச எழுதிட்டு நிக்கிறாங்க தெரியுமா?"

"தெரியும் மேடம். அதுல ஒருத்தருக்குக் கெடைக்கட்டும்."

"மிஷினும் ஓடல, வேலையும் இல்லன்னா என்னடி பண்ணுவே?"

"கையால புழிவேன்."

"திமிரு."

"ஆமா மேடம்."

பயம் இல்லை என்று எழுதினால் அது பொய். கையிலிருந்த அழுக்குப் பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. இயந்திரம் ஓடியிருந்தால் விடுவேன், அடைத்தால் திரும்பிப் போவேன் என்றால் நான் வேலையை விட்டதாகவே ஆகாது. ஒரு பெஞ்சிலிருந்து எழுந்து இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்ததாகத்தான் ஆகும்.

மனோ அக்கா புட்டுக்காகக் கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். வேக வைத்த மா ஒட்டாது, உலர்ந்தும் போகாது. பிறகு கொதிநீர் விட்டுக் குழைத்தால் நூல் இழுபடும்.

"அக்கா, அதுல என் மாவையும் வைக்கிறேன்."

"பச்சையரிசி மாவையோ? கல்லாய்ப் போகும் பிள்ளை."

"போனா போவட்டும். இருக்கறது இந்த ஒரு பொட்டலந்தான்."

கல்லாகத்தான் போனது. சூடு ஆறுவதற்குள் உடைத்து உடைத்துச் சலித்தேன். விரல் நுனியெல்லாம் சிவந்து கொப்பளம் கட்டிவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே முக்கால் ஆனபோது பாதி மாவு சல்லடையில் இருந்தது. அவித்த நேரம், விட்ட தண்ணீர் எல்லாவற்றையும் எங்காவது குறித்துவைக்க வேண்டும். உறையிலிருந்த கடிதத்தை எடுத்து, வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் எழுதினேன். அரசாங்கத் தாள் நல்ல கனம், மை ஊறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அந்த மாவைக் குழைத்து இயந்திரத்தில் போட்டோம். முதல் தட்டு வெளியே வந்தது. அறாத வெள்ளை நூல். இரண்டாவது. மூன்றாவது. மனோ அக்கா தன் அடுப்பை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தார். "நூல் மாதிரியெல்லே வருது! கல்லாய்ப் போகுமெண்டு சொன்ன என்ர வாயில அடிக்கோணும்."

தவம் அண்ணை ஏழு சாப்பிட்டுவிட்டு, "பார்க்க வடிவாய் இருக்கு. ருசி காணாது" என்றார்.

"ஏழு உள்ள போனப்பறமாண்ணே தெரிஞ்சிச்சு? எங்க ஊருக்கு வந்து குருமாவோட சாப்புடுங்க, அப்பறம் பேசலாம்."

அன்றே பணம் கொடுத்து இயந்திரத்தைப் பெட்டியில் கட்டி வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை கப்பல் ஓடவில்லை. காற்று. துறைமுகத்துக்குப் போய்த் திரும்பிவந்து, மனோ அக்கா கொடுத்த பாண் என்கிற ரொட்டியையும் பருப்பையும் தின்றுகொண்டிருந்தபோது ராபியா லாத்தா அழைத்தார்.

"அரிசி ஊற வச்சிட்டியா?"

"லாத்தா, நான் இன்னும் கடல் தாண்டவே இல்ல."

"எங்க ஊட்டு ஆம்பளைங்க கப்பல்லயே போயி வந்தவங்க. காத்து எறங்கிரும், இன்ஷா அல்லாஹ். எதுக்கும் கையால புழிய ஆறு பொம்பளைங்களச் சொல்லி வச்சிருக்கேன்."

"என்மேல நம்பிக்க இல்லயா லாத்தா?"

"உன்ன நம்பாம இல்ல புள்ள. கடல நம்பாம."

வியாழக்கிழமை கடல் ஒன்றுமே நடக்காதது போலப் படுத்திருந்தது. நாகப்பட்டினத்தில் சுங்கத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் ரசீது தேடிப் பையைக் கவிழ்த்தார்கள். நான் கோப்பைத் திறந்தேன். ரசீது, படம், விவரப் பட்டியல், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி, வரிசை எண் போட்டு. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஆபீஸ்மா நீங்க?" ஐந்து வருட வேலையில் கற்றதை நான் ராஜினாமா செய்யவில்லை.

சனிக்கிழமைப் பசியாறில் இரண்டாயிரமும் ஏழு மணிக்குள் தட்டுக்கு வந்தன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லாத்தா சொல்லி வைத்திருந்த ஆறு பெண்களும் ஆளுக்கு நான்கு சாப்பிட்டதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. ஆனால் இந்தப் பயணம் எனக்கு முடிந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு, வாஞ்சூரில்.

துறைமுக வாசலுக்கு நான் ஒரு சின்ன லாரியை வரச் சொல்லியிருந்தேன். வண்டியில் அப்பாவும் இருந்தார். நான் அவரை வரச் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமல் ஓட்டுநரிடம், "எப்படிக் கட்டணும்னு அதுகிட்டயே கேளு" என்றார். பிறகு தானே கயிறு கட்டினார். வைக்கோல் வண்டிக்குப் போடும் முடிச்சு, அசையவில்லை.

முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். நாகூர் தாண்டியதும் அப்பா முன்கண்ணாடியிடம் பேசினார். "மேடம் போன் பண்ணுனாங்க. இப்பவும் ஒரு மனு எழுதிக் குடுத்தா மேல அனுப்பிப் பாக்கலாமாம்."

நானும் கண்ணாடியிடமே சொன்னேன். "எழுத மாட்டேன்."

ஓட்டுநர் ஒலிபெருக்கியில் பாட்டைக் கூட்டி வைத்தார்.

ஊருக்குள் போகிற வண்டியை வாஞ்சூரில் வழக்கமாக யாரும் நிறுத்துவதில்லை. பெட்டி பெரியதாக இருந்ததால் நிறுத்தினார்கள். அதே காவலர். ஆண்பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தில் அப்பா முதலில் இறங்கிப் போனார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"பெருசு, பெட்டி யாருது? உங்களுதா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்? மொதலாளி வண்டில உக்காந்துருக்கு. அதக் கேளுங்க."

கேலிதான். அந்தக் குரலை எனக்குத் தெரியும்; அதில் இல்லாததை நான் தேடப் போவதில்லை. ஆனாலும் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று மாதம் தவித்த மனிதரிடம் முதல் ஆள் கேட்டுவிட்டார். பதிலும் வந்துவிட்டது.

காவலர் கூப்பிடும்வரை நான் காத்திருக்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அட, நீங்களா? மறுபடியும் மாவா?"

"இல்ல சார். இந்தத் தடவ மிஷினு. என்னோடது."